ஐம்பது சதவீதம் என்றால் எவ்வளவு?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. மூன்று மாதமாக மாடிப்படி ஏறினாலோ வேகமாக நடந்தாலோ நெஞ்சை அழுத்துகிறது. நின்றால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. ஆஞ்சியோ எடுத்தோம். 'லெஃப்ட் மெயின் குழாயின் முடிவில் 50 சதவீத அடைப்பு, மற்ற குழாய்களில் பரவலாக லேசான படிவு' என்று அறிக்கை வந்தது. அதைப் பார்த்த ஒரு மருத்துவர், உடனே பைபாஸ் செய்ய வேண்டும் என்றார். இன்னொருவரிடம் போனோம். 'ரத்தக் குழாய்க்குள்ளேயே ஒரு ஸ்கேன் போட்டு அளந்து பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன்' என்கிறார். அதற்குத் தனிச் செலவு. அப்படியானால் ஏற்கெனவே எடுத்த ஆஞ்சியோ பொய்யா? இது பணம் பிடுங்கும் வேலையா? அப்பாவுக்குக் கிரியாட்டினின் 1.6. மறுபடியும் சாயம் ஏற்றினால் கிட்னி தாங்குமா? ஒன்றும் புரியாமல் எழுதுகிறேன்.
ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதைப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பா சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ தூக்கத்திலோ அந்த அழுத்தம் வந்தால், அல்லது முன்பு மாடி ஏறினால் வந்தது இப்போது பாத்ரூம் வரை நடந்தாலே வருகிறது என்றால், எந்தச் சோதனைக்கும் காத்திருக்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் 'ஆபரேஷன் வரப்போகிறதே' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டாவது மருத்துவர் கேட்பது சரியான சோதனை. உங்கள் அப்பா என்னிடம் வந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அதன் பெயரை மருத்துவமனையில் 'ஐவஸ்' என்பார்கள். வயிற்றுக்குப் போடும் அதே அல்ட்ராசவுண்ட்தான். கருவி மட்டும் ரத்தக் குழாய்க்குள் போகிற அளவுக்குச் சின்னது.

ஆஞ்சியோ பொய்யில்லை. ஆனால் அது எதைக் காட்டுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். குழாய்க்குள் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கிறோம். திரையில் தெரியும் கறுப்புக் கோடு, ஓடுகிற சாயத்தின் நிழல். குழாயின் சுவர் அதில் தெரியவே தெரியாது. நிழல் ஓர் இடத்தில் ஒடுங்கியிருந்தால், பக்கத்தில் இருக்கும் பகுதியோடு கண்ணால் ஒப்பிட்டு '50 சதவீதம்', '70 சதவீதம்' என்று எழுதுகிறோம். பெரும்பாலான இடங்களில் இது போதும். 90 சதவீத அடைப்பை யாரும் 40 என்று எழுதிவிட மாட்டார்கள்.

லெஃப்ட் மெயினில்தான் சிக்கல். இதயத்தின் இடது பக்கத்துக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த ஒரே குழாய் வழியாகத்தான் போகிறது. அதனால்தான் முதல் மருத்துவர் பதறினார். அந்தப் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பலருக்கு இது ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இருக்காது. ஒப்பிடுவதற்கு 'நல்ல பகுதி' என்று பக்கத்தில் ஒன்றும் கிடைக்காது. அது முடிகிற இடத்தில் இரண்டு கிளைகள் பிரிகின்றன. அவற்றின் நிழல் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகிறது. உங்கள் அப்பாவின் அறிக்கையில் சந்தேகம் இருப்பதும் அந்த இடத்தில்தான். போதாததற்குச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்குப் படிவு ஓர் இடத்தில் கட்டியாக நிற்காமல் குழாய் நெடுக மெழுகியதுபோல் படரும். எல்லா இடமும் கொஞ்சம் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும்போது எதை வைத்துச் சதவீதம் போடுவது? அதே படத்தை அனுபவமுள்ள இரண்டு மருத்துவர்களிடம் கொடுத்தால் ஒருவர் 40 என்பார், இன்னொருவர் 60 என்பார். இரண்டு பேருமே அக்கறையோடுதான் பார்த்திருப்பார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அது தெரிந்த நாளிலிருந்து நான் ஆஞ்சியோ படத்தைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிந்தால் துவாரம் உடனே சுருங்கும், ஏனென்றால் குழாய் விரியாது. ரத்தக் குழாய் உயிருள்ளது. உள்ளே படிவு சேரச் சேர அது வெளிப்பக்கமாக விரிந்துகொடுக்கும். அமெரிக்காவில் சீமோர் கிளாகோவ் என்ற நோயியல் மருத்துவரும் அவரது குழுவினரும், இறந்தவர்களின் 136 இதயங்களை எடுத்து இதே லெஃப்ட் மெயின் குழாயைக் குறுக்காக வெட்டி ஆராய்ந்து 1987-ல் அதை எழுதினார்கள். சுவருக்குள் இருக்கும் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைப் படிவு பிடித்துக்கொள்ளும் வரை ரத்தம் ஓடும் துவாரம் சுருங்குவதே இல்லை என்று கண்டார்கள். அதாவது ஆஞ்சியோவில் வழவழவென்று தெரிகிற குழாயின் சுவரிலும் நிறைய நோய் ஒளிந்திருக்கலாம். ஒடுங்கித் தெரிகிற குழாயிலும் ரத்தம் போகப் போதுமான வழி இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது. உள்ளே போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

உள்ளே போய்ப் பார்க்கும் எண்ணம் புதிதல்ல. 1972-லேயே நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நிக்கோலாஸ் போம் என்பவரின் குழு, ஒரு மெல்லிய குழாயின் நுனியில் 32 சின்ன ஒலிக் கருவிகளை வட்டமாக அடுக்கி இதயத்துக்குள்ளிருந்து படமெடுக்கும் வழியை வெளியிட்டது. அதை இதயத் தமனிக்குள் நுழையும் அளவுக்குச் சின்னதாக்க 1980-களின் பிற்பகுதி ஆயிற்று. இன்று நுனி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பருமன்தான் இருக்கும்.

அப்பாவுக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறேன், அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஆஞ்சியோ போலவே மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். மயக்கம் கிடையாது, பேசிக்கொண்டே இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்தும், ரத்தக் குழாய் இறுகிச் சுருங்காமல் இருக்க நைட்ரோகிளிசரினும் கொடுப்பார்கள். முடியைவிடச் சில மடங்கு தடித்த ஒரு கம்பி முதலில் போகும். அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஐவஸ் குழாய் அடைப்பைத் தாண்டி உள்ளே போகும். அப்புறம் ஒரு மோட்டார் அதை விநாடிக்கு அரை மில்லிமீட்டர் வேகத்தில் பின்னால் இழுக்கும். வழி நெடுக நுனியிலிருந்து சுற்றிலும் ஒலி போய்த் திரும்பி வரும். ஆறு சென்டிமீட்டர் பார்க்க இரண்டு நிமிடம். அப்பாவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஐவஸ் குழாய் உள்ளே நிற்கிற நேரத்தில் சிலருக்கு நெஞ்சு லேசாக அழுத்தும். வெளியே எடுத்ததும் போய்விடும்.

வயிற்று ஸ்கேனில் போகும் ஒலியைவிட இது பத்து மடங்குக்கும் அதிக அதிர்வெண் கொண்டது. அங்கே 3 அல்லது 4 மெகாஹெர்ட்ஸ், இங்கே 40 முதல் 60 வரை. இவ்வளவு கூர்மையான ஒலி சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது. ரத்தக் குழாயின் சுவர் அதைவிடப் பக்கத்தில் இருப்பதால் அந்தக் குறை இங்கே பொருட்டே இல்லை. பதிலுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை பிரித்துக் காட்டுகிறது.

முடிந்தால் அந்தப் படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வெட்டிய வாழைத்தண்டைப் பார்ப்பதுபோல் வட்டத்துக்குள் வட்டமாக இருக்கும். நடுவில் கறுப்புப் பொட்டு, அது ஐவஸ் குழாய். அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் புகைபோல் நெளிந்துகொண்டிருப்பது ஓடுகிற ரத்தம். அதற்கு வெளியே ஒரு பக்கம் மெலிந்தும் ஒரு பக்கம் தடித்தும் பிறை நிலா போல் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் படிவு. சுண்ணாம்பு சேர்ந்த படிவாக இருந்தால் பளிச்சென்று வெள்ளையாக மின்னும். அதன் பின்னால் ஒலி போகாததால் விசிறி மாதிரி கறுப்பு நிழல் விழும். படிவுக்கும் வெளியே கறுத்த மெல்லிய வளையம் ஒன்று தெரியும். அது குழாயின் தசை அடுக்கு. அந்த வளையம் வரைதான் குழாயின் உண்மையான அளவு. மருத்துவர் ரத்தம் ஓடுகிற துவாரத்தின் ஓரமாக ஒரு கோடு வரைவார். கணினி அதன் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் சொல்லும். உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு எண்தான்.

லெஃப்ட் மெயினுக்கு அந்த எண் எவ்வளவு இருந்தால் பயமில்லை? ஸ்பெயினில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, உங்கள் அப்பாவைப் போலத் தெளிவில்லாத லெஃப்ட் மெயின் அடைப்பு உள்ள 354 பேரை இப்படி அளந்தன. 2011-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. துவாரம் 6 சதுர மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்யாமல் மருந்திலேயே வைத்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களில் 97.7 சதவீதம் பேர் இதயத்தால் உயிரிழக்காமல் இருந்தார்கள். சிகிச்சை செய்துகொண்டவர்களைவிட அவர்கள் எந்த விதத்திலும் மோசமாக இல்லை. கொரிய மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளை அளந்தபோது, ரத்த ஓட்டம் உண்மையிலேயே குறைவது 4.5 அளவில்தான் என்று கண்டார்கள். அவர்கள் உடல்வாகு சிறியது, குழாயும் சிறியது. நமக்கும் அது பொருந்திவரக்கூடியதுதான். அதனால் நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: 6-க்கு மேல் என்றால் மருந்து, 4.5-க்குக் கீழ் என்றால் சிகிச்சை, இரண்டுக்கும் நடுவில் என்றால் அதே அமர்வில் அழுத்தக் கம்பி ஒன்றை உள்ளே விட்டு அடைப்புக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்பது. பின்னால் இருக்கும் அழுத்தத்தை முன்னால் இருக்கும் அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு எஃப்.எஃப்.ஆர். என்று பெயர். 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு ரத்தத்தைத் தடுக்கிறது என்று பொருள்.

இந்த எண்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள துவாரத்தின் பரப்பு 4.5 சதுர மில்லிமீட்டர். 2.8 மில்லிமீட்டர் என்றால் 6.2. இடையில் இருப்பது 0.4 மில்லிமீட்டர், நாலு தாள்களை அடுக்கினால் வரும் கனம். அவ்வளவு சின்ன வித்தியாசத்தில்தான் ஒருவர் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொள்வதா, மாத்திரையோடு வீட்டுக்குப் போவதா என்பது இருக்கிறது. இதைக் கண்ணளவில் '50 சதவீதம்' என்று முடிவு கட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

பல வருடங்களுக்கு முன் ஒருவர் பைபாஸுக்குத் தேதி குறித்துவிட்டு, மனசு கேட்காமல் என்னிடம் வந்தார். லெஃப்ட் மெயின் தொடங்கும் இடத்தில் 60 சதவீதம் என்று அறிக்கை. ஐவஸில் பார்த்தால் 9 சதுர மில்லிமீட்டருக்கு மேல், சுவர் கிட்டத்தட்ட சுத்தம். ஆஞ்சியோவுக்காக உள்ளே விட்ட மெல்லிய குழாயின் நுனி இடித்து அந்த இடம் தற்காலிகமாகச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு நேர்மாறானதும் உண்டு. '30 சதவீதம், ஒன்றுமில்லை' என்று அனுப்பப்பட்ட ஒரு பெண்மணிக்கு 4-க்கும் குறைவாக இருந்தது. அவருக்கு அந்த அளவுதான் பைபாஸ் வேண்டும் என்று சொன்னது, அவரும் செய்துகொண்டார். இந்தச் சோதனை ஆபரேஷனைத் தள்ளிப்போடவும் செய்யும், வேண்டும் என்று சொல்லவும் செய்யும். முன்கூட்டியே எந்தப் பக்கமும் சாய்ந்துகொள்ளாமல் போங்கள்.

ஐவஸ் அறிக்கையைப் பார்த்துப் பல குடும்பங்கள் அரண்டுபோகிற ஓர் இடத்தை இப்போதே சொல்லிவைக்கிறேன். அதில் 'படிவுச் சுமை 65 சதவீதம்' என்பதுபோல் ஒரு வரி இருக்கும். 'ஆஞ்சியோவில் 50, இதில் 65, பத்து நாளில் கூடிவிட்டதே!' என்று அழுதுகொண்டு வருவார்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. ஆஞ்சியோ சொல்வது விட்டம் எவ்வளவு குறைந்தது என்பதை. படிவுச் சுமை, அந்த வெளி வளையத்துக்குள் எத்தனை பங்கைப் படிவு பிடித்திருக்கிறது என்பதை. வளையத்துக்குள் 20 சதுர மில்லிமீட்டர், அதில் 13 படிவு, துவாரம் 7 என்றால் சுமை 65 சதவீதம். ஆனாலும் 7 என்பது 6-க்கு மேல்தானே, ரத்தம் நன்றாகவே போகும். ஆனால் அந்த 13-ஐ அலட்சியம் செய்யக் கூடாது. கெட்ட கொழுப்பை 55-க்குக் கீழே கொண்டுவரும் அளவுக்கு மாத்திரை கொடுக்கச் சொல்கிற படிவு அது.

கிட்னி பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஐவஸுக்குச் சாயமே தேவையில்லை, ஒலிதான் படம் எடுக்கிறது. ஐவஸ் குழாயை வைத்தபின் இடம் சரிபார்க்கச் சில மில்லி போதும். சொல்லப்போனால் கிட்னி பலவீனமானவர்களுக்கு ஸ்டென்ட் வைக்கும்போது சாயத்தைக் குறைக்கவே ஐவஸைப் பயன்படுத்துகிறோம். 2014-ல் வந்த ஓர் ஆய்வில் சாதாரண முறையில் சுமார் 65 மில்லி ஆன இடத்தில் ஐவஸ் துணையோடு 20 மில்லியில் முடித்திருக்கிறார்கள். யாராவது 'ஓசிடி' என்ற ஒளி ஸ்கேன் இன்னும் தெளிவாக இருக்கும் என்று சொன்னால், தெளிவு என்னவோ உண்மைதான். ஆனால் அதற்கு ரத்தத்தை விலக்கச் சாயம் வேண்டும். உங்கள் அப்பாவின் கிரியாட்டினினுக்கு அது வேண்டாம். சோதனைக்கு முன் அவர் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா என்பதை மருத்துவரிடம் சொல்லி, எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்து? நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு ரத்தக் குழாய் இறுகிச் சுருங்கிக்கொள்ளும். நைட்ரோகிளிசரின் கொடுத்தால் விரிந்துவிடும். ரத்தக் குழாய் கிழிவது, மாரடைப்பு போன்றவை மிக அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பணம் பிடுங்கும் வேலையா என்றீர்கள். அந்த ஐவஸ் குழாயின் விலை அதிகம், ஒருவருக்குப் போட்டபின் தூக்கி எறிய வேண்டியது. அதனால் செலவு உண்மை. உங்கள் சந்தேகத்துக்கு இடம் இருக்கும் சூழ்நிலையும் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். லெஃப்ட் மெயின் அல்லாத சாதாரணக் கிளைகளில் நடுத்தர அடைப்பு இருக்கும்போது, ஐவஸ் அளவை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தேவைக்கு மேல் ஸ்டென்ட் வைப்போம். 2022-ல் கொரியாவிலும் சீனாவிலும் 1682 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஐவஸை நம்பியவர்களில் 65 சதவீதம் பேருக்கும், அழுத்தக் கம்பியை நம்பியவர்களில் 44 சதவீதம் பேருக்கும் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. இரண்டு ஆண்டு முடிவில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தார்கள். ஆகவே நாளைக்கு 'நடுக்கிளையிலும் ஐவஸில் குறைவாகத் தெரிகிறது, அங்கேயும் ஒரு ஸ்டென்ட்' என்று யாராவது சொன்னால், அழுத்தம் பார்த்தீர்களா என்று கேளுங்கள். லெஃப்ட் மெயினின் கதை வேறு. அங்கே இந்த அளவு நம்பத்தக்கது.

துவாரம் சிறியது என்று வந்துவிட்டால் பைபாஸா ஸ்டென்ட்டா என்ற அடுத்த கேள்வி வரும். அதை ஐவஸ் தீர்க்காது. சர்க்கரை உள்ளவருக்கு மற்ற பெரிய குழாய்களிலும் பலமான அடைப்பு இருந்தால் பைபாஸ்தான் நீண்ட நாள் நல்லது. 2012-ல் வெளிவந்த ஃப்ரீடம் என்ற ஆய்வு, ஐந்து ஆண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து ஸ்டென்ட் தரப்பில் 26.6 சதவீதம், பைபாஸ் தரப்பில் 18.7 சதவீதம் என்று காட்டியது. மற்றவை லேசானவை என்றால் லெஃப்ட் மெயினுக்கு மட்டும் ஸ்டென்ட் வைப்பதும் நியாயமே. ஆனால் ஐவஸ் இல்லாமல் அங்கே ஸ்டென்ட் வைக்கச் சம்மதிக்காதீர்கள். சரியாக விரியாத ஸ்டென்ட் அந்த இடத்தில் மீண்டும் அடைத்தால் தாங்க முடியாது, விரிந்ததா என்று ஆஞ்சியோ நிழலில் தெரியாது.

துவாரம் நன்றாக இருக்கும்போது 'எதற்கும் இருக்கட்டும்' என்று பைபாஸ் செய்துவிடலாமே என்று உறவினர்கள் சொல்வார்கள். இயற்கைக் குழாயில் ரத்தம் தாராளமாக ஓடினால், பைபாஸில் மாற்றுவழியாக ஒட்டவைத்த நெஞ்சுத் தமனிக்கு வேலை இருக்காது. வேலையில்லாத அந்தத் தமனி நாளடைவில் நூல் மாதிரி மெலிந்து மூடிக்கொள்ளும். பின்னால் உண்மையிலேயே தேவைப்படும்போது அது நமக்குக் கிடைக்காது.

அளவு 6-க்கு மேல் வந்தால் இன்னொரு கேள்வி மீதம் நிற்கும்: அப்படியானால் மாடி ஏறும்போது ஏன் அழுத்துகிறது? அதைக் கேட்காமல் அவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். படிவு பரவலாக இருக்கும் குழாயில் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகலாம், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் கோளாறு இருக்கலாம், ஹீமோகுளோபின் குறைவாக இருக்கலாம். கிரியாட்டினின் கூடினவர்களுக்கு ரத்தசோகை சகஜம். கம்பி உள்ளே இருக்கும்போதே கிளைகளிலும் அழுத்தம் பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். இன்னொரு முறை கேத் லேப் (ஆஞ்சியோ எடுக்கும் அறை) போகும் வேலை மிச்சம்.

மருத்துவரிடம் போகும்போது ஆஞ்சியோ சி.டி.யைக் கையோடு எடுத்துப் போங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது. சோதனைக்கு முன்பே ஒன்றைக் கேளுங்கள்: 'எந்த அளவு வந்தால் என்ன செய்வீர்கள்?' பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மருத்துவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். எந்த அளவு வந்தாலும் செய்யப்போவது ஒன்றுதான் என்று அவர் சொன்னால், அந்தச் செலவைச் செய்ய வேண்டாம். சோதனை முடிந்ததும் ஐவஸ் பதிவையும் சி.டி.யில் கேட்டு வாங்குங்கள். மிகக் குறுகிய இடத்தின் பரப்பு எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று எனக்கு எழுதுங்கள். ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்து எழுதுங்கள். அப்பாவிடம் அதுவரை மாடியில் இருக்கும் படுக்கையைக் கீழே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.